வண்டி எங்கே வருது?

பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எவருக்கும் கேள்வி ஒன்றுதான். நம் பக்கத்தில் "வண்டி போச்சா?" என்று கேட்போம். "இப்பம்தான் போச்சு" என்பார் ஒருவர். "இல்ல, இன்னும் வரல்ல" என்பார் பக்கத்தில் நிற்பவர். இரண்டு பேரும் முழு நம்பிக்கையோடு சொல்வார்கள். நாம் யாரை நம்புவது என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்வோம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது யார் வேலை என்பதற்கு நம் மாவட்டத்தில் எண்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. வண்டியை ஓட்டியது பெரும்பாலும் சர்க்கார். வண்டி எப்போது வரும், இப்போது எங்கே நிற்கிறது என்பதை ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னது பெரும்பாலும் வெளியாட்கள். கடைக்காரர், அச்சகக்காரர், பத்திரிகைக்காரர், இப்போது கைபேசிச் செயலி எழுதுகிறவர். இதை 'அரசு - தனியார் கூட்டு முயற்சி' என்று இன்றைக்குப் பெரிய பெயர் வைத்துச் சொல்கிறார்கள். பெயர்தான் புதுசு.

திருவிதாங்கூர் காலத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். அதை நடத்துவதற்கென்று லண்டன் பேருந்து நிர்வாகத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்திருந்தார்கள். முதல் வண்டியை அவரே ஓட்டினார். மகாராஜாவும் குடும்பத்தாரும் பயணிகள். கோமர் கம்பெனியின் அடிச்சட்டத்தை வாங்கி, மேல்கூட்டை நம் ஆட்களே கட்டினார்கள். காக்கிச் சட்டை கண்டக்டர்களில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர். பட்டதாரி கண்டக்டர் என்றால் இன்று சிரிப்பார்கள். அன்றைக்கு அது பெரிய உத்தியோகம்.

சால்ட்டர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வண்டி புறப்படும் நேரம், கட்டணம், எங்கெங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே அச்சடித்து வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் ஓடிய தனியார் பஸ்களில் பல, ஆள் நிறைந்தால்தான் புறப்படும். 'நேரம்' என்று ஒன்றைச் சொல்லி, அதற்குக் கட்டுப்பட்டு வண்டி எடுப்பது என்பது நம் ஊர் ரோட்டுக்கு அன்று புதிய வழக்கம். பார்சல் கொண்டுபோவதற்கும் ஏற்பாடு இருந்தது. அதைச் சர்க்கார் தானே செய்யாமல், கமிஷன் ஏஜெண்டுகளை வைத்துச் செய்தது. அப்படி ரோட்டோரத்துக் கடைக்காரருக்கும் சர்க்கார் பஸ்ஸுக்கும் ஒரு கணக்குவழக்கு உண்டானது. பார்சல் வாங்குகிறவருக்கு வண்டி நேரம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவரிடம் ஊரார் வந்து கேட்பார்கள். கூட்டு முயற்சி என்று யாரும் ஒப்பந்தம் போடாமலே ஒன்று நடந்துவிட்டது.

உலகத்திலும் இதுதான் கதை. இங்கிலாந்தில் ரயில் வந்த புதிதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கால அட்டவணை. எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகத் தொகுத்தது ரயில் கம்பெனிகள் அல்ல. மான்செஸ்டரில் வரைபடம் அச்சடித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் பிராட்ஷா என்பவர். 1839இல் ஆரம்பித்த அந்தப் புத்தகம் 1961 வரை வந்தது. ரயில் நேரத்துக்கு 'பிராட்ஷா' என்றே பெயராகிவிட்டது. நம் நாட்டிலும் 'இந்தியன் பிராட்ஷா' கல்கத்தாவிலிருந்து வந்தது. என் தலைமுறைக்கு முந்தைய ஆபீசர்கள் மேஜையில் அதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து அத்தனை பொடி. படிப்பதற்குக் கண்ணாடி இரண்டு போட வேண்டும். ரயில் அரசுடையது, அதன் நேரத்தை விற்றுப் பிழைத்தது தனியார். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் புத்தகம் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். (அன்று சென்னை மாநிலம்.) திருவிதாங்கூர் வழக்கப்படி இங்கே பஸ் சர்க்காருடையதாகவே தொடர்ந்தது. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். திருநெல்வேலியில், மதுரையில் தனியார் பஸ்கள் போட்டி போட்டு ஓடின. நமக்கு ஆரல்வாய்மொழி தாண்டினால்தான் அந்தக் காட்சி. பயனியர் என்று சொன்னால் இன்றும் பெரியவர்களுக்கு முகம் மலரும். 1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாக வைத்துக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1983இல் அதைப் பிரித்து நம் மாவட்டத்துக்கு நேசமணி போக்குவரத்துக் கழகம். 1997இல் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டு ஒரே பெயராக்கினார்கள். பஸ்ஸின் பெயர் எத்தனை முறை மாறினாலும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் மாறவில்லை.

டைம் கீப்பர் என்ற மனிதரை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். சின்னக் கூண்டு மாதிரி ஒரு அறை, மேஜையில் பெரிய நோட்டு, சுவரில் ஒரு கடிகாரம். கண்டக்டர் வந்து ட்ரிப் ஷீட்டை நீட்டுவார், இவர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். எந்த வண்டி பிரேக்டவுன், எந்த வண்டி லேட், எந்த டிரைவர் லீவு என்று எல்லாம் அந்த நோட்டில் உண்டு. இன்றைக்கு 'நிகழ்நேரத் தகவல்' என்று சொல்கிறார்களே, அது முழுக்க முழுக்க அந்தக் கூண்டுக்குள் இருந்தது. ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டால் சொல்வார். அவர் மனநிலையைப் பொறுத்து முகம் கொடுத்தும் சொல்வார், கொடுக்காமலும் சொல்வார். ஆனால் அது வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நிற்பவருக்குத்தான். திட்டுவிளைக்குப் போகிற வழியில் ஒரு ஆலமரத்தடியில் நிற்கிற கிழவிக்கு அந்த நோட்டால் என்ன பயன்?

அவளுக்கு டீக்கடைதான். எங்கள் ஊர் ஜங்ஷனில் ஒரு கடையில் கரும்பலகை வைத்திருந்தார்கள். மேலே வடை, பழம்பொரி விலை. கீழே காலையில் நாகர்கோவில் போகிற வண்டிகளின் நேரம், சாக்பீஸில். ஒரு வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்றால் மறுநாளே அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். கண்டக்டருக்கு ஒரு டீ இலவசம், அவர் சொல்லும் சேதி இவருக்கு இலவசம். வண்டிக்குக் காத்திருப்பவன் சும்மா நிற்க மாட்டான், ஒரு டீ குடிப்பான். வியாபாரமும் சேவையும் எங்கே பிரிகிறது என்று அந்தப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரயில் நமக்கு ரொம்பப் பிந்தி வந்தது. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை 1979 ஏப்ரலில் திறந்தது. திருநெல்வேலிப் பாதை 1981 ஏப்ரலில். அதற்கு முன் மெட்ராஸ் போக வேண்டுமென்றால் திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து ரயில். பஸ் முன்னே பின்னே ஆனால் ரயில் போய்விடும். அந்தக் கவலையினாலேயே மூன்று மணி நேரம் முன்பே போய் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்போம்.

ரயிலில் ஒரு விஷயம் உண்டு. வண்டி எங்கே நிற்கிறது என்பது ரயில்வேக்கு எப்போதுமே தெரியும். தெரியாமல் ரயில் ஓட்ட முடியாது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனில் 'லைன் கிளியர்' வாங்காமல் வண்டியை விட மாட்டார். வண்டி கடந்ததும் கன்ட்ரோல் போனில் நேரத்தைச் சொல்வார். டிவிஷன் ஆபீசில் செக்ஷன் கன்ட்ரோலர் ஒரு பெரிய தாளில், ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், இன்னொரு பக்கம் மணி, ஒவ்வொரு வண்டிக்கும் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே இருப்பார். கோடு சாய்ந்திருந்தால் வண்டி ஓடுகிறது, படுத்திருந்தால் நிற்கிறது. ஆரல்வாய்மொழியில் வண்டி நின்றால் அந்த நிமிஷமே திருவனந்தபுரத்தில் ஒருவருக்குத் தெரியும். நாகர்கோவில் பிளாட்பாரத்தில் மாமனாரை எதிர்பார்த்து நிற்கிற மருமகனுக்குத் தெரியாது. தகவல் இல்லாமல் இருந்ததில்லை; அது பயணியிடம் வந்து சேர வழிதான் இல்லை.

நான் டெலிபோன் இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன். எக்ஸ்சேஞ்சில் 197 என்பது டைரக்டரி விசாரணை. ஒருவர் நம்பரைக் கேட்டால் தேடிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி ஷிப்டில் வருகிற அழைப்புகளில் பாதி, "மோளே, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் லேட்டா?" என்றுதான் இருக்கும். ரயில் விசாரணைக்கென்று 131 உண்டு. ஆனால் ஸ்டேஷனில் இருப்பது ஒரு போன், ஒரு ஆள். அந்த ஆள்தான் டிக்கெட்டும் கொடுக்க வேண்டும், அறிவிப்பும் செய்ய வேண்டும். எங்கள் போர்டில் இருந்த பெண் ஆபரேட்டர்கள் தாங்களாகவே ஸ்டேஷனைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்து, கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் வேலை இல்லை; எந்த விதியிலும் இல்லை. மேலே இருந்து யாராவது கேட்டிருந்தால் மெமோ கூடக் கிடைத்திருக்கும்.

இந்த இடைவெளியை முறையாக அடைக்கப் பார்த்த முதல் ஏற்பாடு என்று 139ஐச் சொல்லலாம். 2007இல், ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐஆர்சிடிசி ஒரு தனியார் அழைப்பு மையக் கம்பெனியோடு சேர்ந்து இதை நடத்த ஏற்பாடு செய்தது. நாட்டில் எங்கிருந்து அடித்தாலும் ஒரே நம்பர். தகவல் ரயில்வேயினுடையது, போனை எடுக்கிற ஆளும் கட்டடமும் கம்பெனியினுடையது. எஸ்எம்எஸ்ஸில் பிஎன்ஆர் நம்பரை அனுப்பினால் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்றும் பதில் வரும். ஸ்டேஷனில் அந்த ஒற்றை ஆளின் தலைவலி குறைந்தது. அமெரிக்காவிலும் இதே எண்ணத்தில் 2000ஆம் ஆண்டு 511 என்ற நம்பரை ரோட்டு நெரிசலுக்கும் போக்குவரத்துத் தகவலுக்கும் என்று ஒதுக்கினார்கள். மூன்று இலக்க நம்பருக்கு இருக்கிற மதிப்பு எங்களைப் போல டெலிபோன்காரர்களுக்குத்தான் தெரியும். பாட்டிக்கும் ஞாபகம் இருக்கும்.

பிறகு இணையம். ரயில்வேயின் கணினி நிறுவனமான கிரிஸ், பென்சில் கோட்டுத் தாளைக் கம்ப்யூட்டர் திரைக்கு மாற்றியது. அந்தத் தகவலையே தேசிய ரயில் விசாரணை அமைப்பு என்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தது. 2012இல் 'ரயில் ரேடார்' என்று ஒன்று வந்தது. ரயில்யாத்ரி என்ற தனியார் குழுவோடு சேர்ந்து செய்தது. கூகுள் வரைபடத்தின் மேல் இந்தியா முழுக்க ஓடுகிற ரயில்கள் சின்னச் சின்ன அம்புகளாகத் தெரியும். நேரத்துக்கு ஓடினால் நீலம், தாமதமானால் சிவப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், கிரிக்கெட் பார்ப்பது போல. பின்னாளில் அந்தப் படம் நின்றுபோனது. ஜனங்கள் பழகிய ஒரு வசதி ஒரு நாள் இல்லாமல் போனால் யாரிடம் கேட்பது? கூட்டு வைத்த இருவரில் எவரிடமும் கேட்க வழியில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது நம் எல்லார் கைபேசியிலும் இருப்பது 'வேர் ஈஸ் மை டிரெயின்'. பெங்களூரில் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சின்னக் கம்பெனி செய்தது. இதில் ஒரு தந்திரம் உண்டு, டெலிபோன்காரன் என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். நாம் ரயிலில் போகும்போது நம் கைபேசி வழியிலுள்ள டவர் ஒவ்வொன்றிடமும் கைமாறிக்கொண்டே போகிறது. எந்த டவர் எந்த இடத்தில் என்பது தெரிந்தால், இணையமும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். வண்டி இரணியலைத் தாண்டிவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்த ரயிலில் இருப்பவர்களின் கைபேசியிலிருந்து கிடைக்கும் இடம், வெளியே காத்திருப்பவருக்கும் உதவுகிறது. தமிழிலும் உண்டு. 2018 டிசம்பரில் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. அதற்குள் ஒரு கோடிப் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரயில்வே விளம்பரம் செய்து பரப்பியது அல்ல. பயணிகளே ஒருவருக்கொருவர் சொல்லிப் பரவியது.

நன்றாக யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தண்டவாளமும் ரயிலும் நம் வரிப்பணம். கால அட்டவணை ரயில்வே போட்டது. வண்டி எங்கே என்ற சேதியைக் கொடுப்பது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நம் கைபேசி. இத்தனையும் சேர்ந்து ஒரு சொத்தாகி, அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. நான் குறை சொல்லவில்லை. நானே தினமும் பார்க்கிறேன், பேரன் வரும்போது வள்ளியூர் தாண்டிய பிறகுதான் ஸ்கூட்டரை எடுக்கிறேன். ஆனால் டீக்கடைப் பலகையையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பலகையை வைத்தவர் கடையை மூடினால் பக்கத்துக் கடைக்காரர் வைப்பார். அதில் எழுதிய நேரம் ஊருக்கே தெரிந்த நேரம்.

ரயில்வேயும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இஸ்ரோவோடு சேர்ந்து ரயில் இன்ஜின்களிலேயே கருவி வைத்து, 'ககன்' செயற்கைக்கோள் முறையால் இடத்தைக் கண்டுபிடித்து, 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிற ஏற்பாடு வந்திருக்கிறது. 2022இல் ரயில்வே கொடுத்த கணக்குப்படி 21 எலெக்ட்ரிக் லோகோ ஷெட்களைச் சேர்ந்த 2,700 இன்ஜின்களில் வைத்தாகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லித்தான் வண்டி எங்கே என்று தெரிய வேண்டும் என்ற நிலை போய், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் காட்டுக்குள் நின்றாலும் தெரியும். நமக்கு இது பெரிய விஷயம். திப்ருகர் - கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் 2011இலிருந்து ஓடுகிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கு மேல் பயணம். வழியில் எங்கே வெள்ளம், எங்கே வேலை என்று எதுவும் அதைத் தாமதப்படுத்தும். அஸ்ஸாமிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற பையன்களை அழைத்துப்போக நாகர்கோவில் ஸ்டேஷனில் நிற்கிற மேஸ்திரிமார் ஒவ்வொருவர் கையிலும் திரை எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இவ்வளவு வந்த பிறகும் 2017 நவம்பர் 30 வந்தது. ஒக்கிப் புயலை நாம் யாரும் மறக்க மாட்டோம். கடலில் போனவர்களைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. அது தனியாக எழுத வேண்டியது. கரையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரப்பர், தென்னை, வாழை, மின்கம்பம் எல்லாம் ரோட்டின் குறுக்கே. கரண்ட் பல நாள் இல்லை. டவருக்கு பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். டவர் போனதும் கைபேசிக்குள் இருந்த எல்லாச் செயலியும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டது. தகவல் வேண்டிய அன்றைக்குத்தான் அது இல்லை. ரயில் உண்டா, பஸ் எதுவரை போகிறது என்று அறிய ஜனங்கள் பழையபடி ஸ்டேஷனுக்கும் வடசேரிக்கும் நடந்து போனார்கள். ஸ்டேஷனில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ரயில்வேக்குத் தனிக் கம்பி இருந்தது; அதனால் அவர்களுக்குச் சேதி தெரிந்திருந்தது. 2021 நவம்பரில் கனமழையில் இரணியல், குழித்துறைப் பக்கம் மண் சரிந்து ரயில்கள் ரத்தானபோது டவர்கள் நின்றன, செயலிகளும் வேலை செய்தன. அன்றைக்கு வீட்டிலிருந்தே எல்லாம் தெரிந்தது. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கரும்பலகையை ஒழித்துவிட்டுச் செயலி வைப்பது ஒன்று, கரும்பலகையோடு செயலி வைப்பது வேறொன்று.

வெளியூரில் எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கூகுள் வரைபடத்தில் இன்று பஸ், ரயில் வழி காட்டுகிறதே, அது 2005 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் தொடங்கியது. அங்கே அரசுப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்த பிபியானா மெக்ஹியூ என்ற அம்மாள், கார் ஓட்ட வழி காட்டுகிற இணையதளம் பஸ்ஸுக்கு ஏன் காட்டுவதில்லை என்று கேட்டு, கம்பெனிகளுக்கு எழுதினார். கூகுள் பதில் சொன்னது. இரண்டு பேரும் சேர்ந்து பஸ் அட்டவணையை எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பொது அமைப்பை உண்டாக்கினார்கள். முதலில் அதன் பெயரில் 'கூகுள்' இருந்தது. பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'பொது' என்று வைத்தார்கள். ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் அதனால் உலகத்தில் எந்த ஊர் பஸ் நிர்வாகமும் அதே அமைப்பில் எழுதலாம், எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது.

லண்டன்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தங்கள் பஸ், சுரங்க ரயில் தகவலை எல்லாம் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். 600க்கு மேற்பட்ட செயலிகள் அதிலிருந்து வந்தன. டெலாய்ட் நிறுவனம் 2017இல் கணக்குப் பார்த்தபோது, பயணிகளுக்கும் நகரத்துக்கும் வருஷத்துக்கு 13 கோடி பவுண்ட் வரை நன்மை என்று சொன்னது. தில்லியிலும் அப்படி ஒன்று உண்டு. அங்கே டிம்ட்ஸ் என்ற நிறுவனம் தில்லி அரசும் ஐடிஎஃப்சி அறக்கட்டளையும் சரிபாதிக் கூட்டு. கிளஸ்டர் பஸ்களைக் கண்காணிப்பது அதன் வேலையாக இருந்தது. 2018 நவம்பரில் தில்லி அரசு, ஐஐஐடி கல்லூரியோடு சேர்ந்து, அந்த பஸ்கள் எங்கே ஓடுகின்றன என்ற தகவலைப் பொதுவில் வைத்தது. ஒரு கல்லூரிப் பையன் நினைத்தால் அதை எடுத்து ஒரு செயலி செய்யலாம். லண்டனிலும் தில்லியிலும் தனியார் உண்டு, லாபமும் உண்டு. ஆனால் ஒரு கம்பெனி போனாலும் தகவல் அரசிடமே இருக்கும், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். டீக்கடைப் பலகையின் நியாயம் அதுதான். ரயில் ரேடார் போனபோது நமக்கு இல்லாமல் போனது இந்த நியாயம்.

நம் மாநிலத்தில் சென்னை முன்னால் போய்விட்டது. 2022 மே மாதம் மாநகர பஸ்களுக்கு 'சென்னை பஸ்' செயலி வந்தது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் 'சென்னை ஒன்' செயலியைத் தொடங்கி வைத்தார். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, வண்டி எங்கே என்ற தகவலும் அதிலேயே. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் கொண்டுவந்தது. செய்து கொடுத்தது 'நம்ம யாத்ரி' ஆட்டோ செயலியை நடத்துகிற மூவிங் டெக் என்ற தனியார் கம்பெனி. மகள் வீட்டுக்குப் போனபோது பயன்படுத்திப் பார்த்தேன். வசதிதான். வண்டி இரண்டு நிறுத்தம் தள்ளி வருகிறது என்றால் வெயிலில் நிற்காமல் மருந்துக் கடை நிழலில் நிற்கலாம். எழுபது தாண்டியவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நாளை இது நாகர்கோவிலுக்கும் வரும். வரும்போது யாரை மனதில் வைத்துச் செய்வார்கள் என்பதுதான் என் கவலை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அண்ணா பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு நிற்கிறவர்கள், வீட்டு வேலைக்கு வந்து போகிறவர்கள், முந்திரி ஆலைப் பெண்கள். கட்டணம் கேட்கிற வண்டி முன்னால் வந்தாலும் ஏற மாட்டார்கள், இலவச வண்டிக்காக நிற்பார்கள். அது பத்து நிமிஷத்தில் வருமா, ஒரு மணி நேரத்தில் வருமா என்பது அவர்களுக்குப் பணக் கணக்கு. பிள்ளைக்குச் சோறு ஆக்குகிற நேரக் கணக்கு. அவர்களில் பலர் கையில் இருப்பது பட்டன் போன். செயலியில் வண்டி எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தாலும், தெரிய வேண்டியவருக்குத் தெரியாது. டைம் கீப்பர் நோட்டுக்குள் இருந்த சேதி, இப்போது நல்ல போன் வைத்திருக்கிறவர் சட்டைப்பைக்குள் போயிருக்கிறது.

ஆகவே கம்பெனியோடு ஒப்பந்தம் போடுகிறவர்கள் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பஸ் எங்கே என்ற தகவல் கழகத்தின் சொத்தாகவே இருக்கும், கேட்கிற எவருக்கும் கிடைக்கும் என்பது ஒன்று. அதே தகவல் பஸ் ஸ்டாண்டில் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வரிக்குச் செலவு அதிகம், விளம்பர வருமானம் கிடையாது. அதனால்தான் அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறேன். எழுதாததைக் கம்பெனி செய்யாது. செய்யவில்லை என்று கோபிக்கவும் முடியாது, அது அவர்கள் தொழில். எக்ஸ்சேஞ்சில் துண்டுச் சீட்டு எழுதிவைத்த பெண்களைப் போல, விதியில் இல்லாததைச் செய்கிற ஆட்களை நம்பி ஒரு ஏற்பாட்டை நடத்த முடியாது.

கடைசியாக ஒரு உபயோகமான சேதி. ஸ்மார்ட்போன் பழகாத அண்ணாச்சிமாரும் அக்காமாரும் 139ஐ மறக்க வேண்டாம். பட்டன் போனிலிருந்தும் அடிக்கலாம். வண்டி நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு அடியுங்கள். பெயரைவிட நம்பர்தான் அவர்களுக்குச் சுலபம். சென்னையிலிருந்து வருகிற கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் 12633, இங்கிருந்து போவது 12634. டெலிபோன் டைரியின் முதல் பக்கத்தில், டாக்டர் நம்பருக்குக் கீழே எழுதிவையுங்கள்.